பூவுக்குக் குறைவில்லை, பிஞ்சுதான் நிற்கவில்லை: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம்

காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளி போகும் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே என் அத்தை வீடு. வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு சென்ட் இடத்தில் காய்கறித் தோட்டம். பல வருஷமாகக் குடும்பத்துக்குக் காய் கொடுத்துவரும் தோட்டம் அது. மார்கழியில் அத்தையிடமிருந்து போன் வந்தது. "பூசணியிலயும் சுரையிலயும் பூவுக்குக் குறைச்சலே இல்லடா. பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குது. எல்லாம் மஞ்சளா வெம்பி விழுது."

அத்தை மகன் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். சுற்றியிருக்கும் தோப்புகளில் மருந்தடித்துத் தேனீக்களெல்லாம் செத்துவிட்டன, தேனீப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்பது அவன் கணக்கு. "பெட்டிக்குச் சொல்லி வெச்சுட்டேன் மச்சான், வாங்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். பெட்டி தேவையா என்ற அந்த ஒரு கேள்வியோடுதான் போனேன். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். காய்ப்பு குறைந்தாலே "தேனீ இல்லை" என்று சொல்லிவிடும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. தேனீ மேல் மக்களுக்கு அக்கறை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி, எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்க்காமல் மருந்தும் பெட்டியும் வாங்கினால் காசுதான் வீண்.

தோட்டமும் முதல் சந்தேகமும்

செம்மண் நிலம், போர்த் தண்ணீர். விதையெல்லாம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி, ஐப்பசி மழையில் ஊன்றியவை. பூசணி தரையில் படர்ந்திருந்தது. சுரையும் பீர்க்கும் ஒரே பந்தலில். ஒரு பாத்தி கத்தரி, ஓரமாகத் தக்காளி, வேலியில் முருங்கை, வாசலில் துளசி, பின்னால் பழைய மாட்டுக்கொட்டகை. கொடிகள் கரும்பச்சையாக, செழிப்பாகவே இருந்தன. உரக்கடையில் கேட்டபோது சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள். அதைத் தெளித்தும் பிஞ்சு நிற்கவில்லை.

அத்தை மகனின் சந்தேகம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா பூக்கும் காலம் மார்கழி, தை. பூங்கொத்து வெளிவரும்போது தத்துப்பூச்சி ஏறும், அதற்கு மருந்தடிப்பார்கள். அதில் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளும் உண்டு. அந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்ததற்குக் காரணமே தேனீக்களுக்கு வரும் ஆபத்துதான். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ இரை தேடி ஒரு கிலோமீட்டர் தொலைவு வரை சாதாரணமாகப் போய்வரும். எனவே பக்கத்துத் தோப்பில் அடிப்பது நம் வீட்டுத் தேனீயையும் தொடும். இதில் தோப்புக்காரர்களும் யோசிக்க ஒன்று இருக்கிறது. மாம்பூவில் மகரந்தம் கடத்தும் வேலையில் பெரும்பங்கு ஈக்களுடையது. பூத்து விரிந்த கொத்தில் மருந்தடிக்கிறவர் தன் மரத்துக்கு வேலை செய்ய வந்த ஈக்களையும் சேர்த்தே கொல்கிறார்.

சரி, அத்தை வீட்டில் தேனீ உண்மையிலேயே இல்லையா? காலை எட்டரை மணிக்குத் துளசிச் செடி முன்னால் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும். அடுக்குத் தேனீ வந்தது. அதைவிடச் சின்னதாக, வயிற்றின் முன்பாதி செம்பழுப்பாக இருக்கும் கொம்புத் தேனீயும் வந்தது. எறும்பளவே உள்ள கொசுத் தேனீகள் துளசிக் கதிரைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் கூடு வீட்டுச் சுவரிலேயே இருந்தது. கல் இடுக்கிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த குட்டிக் குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் வாயில் காவல் தேனீகள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு இருந்தன. கொட்டாத இனம் என்பதால் வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டு, ஈ, குளவி என்று வேறு பல வந்துபோயின. பூச்சியே இல்லாத தோட்டம் என்று இதைச் சொல்லவே முடியாது. அப்படியானால் பூசணியில் ஏன் காய் இல்லை?

பூசணி: விடிவதற்குள் நடந்தது

பூசணிப் பூ விடியும் நேரத்தில் விரிந்து, முற்பகல் பத்து, பதினோரு மணிக்குள் சுருங்கிவிடும். மறுநாள் திறக்காது. ஆண் பூ, பெண் பூ என்று தனித்தனியாக வரும். பெண் பூவின் அடியில் கோலிகுண்டு அளவில் பிஞ்சு இருக்கும், ஆண் பூ நீளக் காம்பில் நிற்கும். மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, பூச்சி சுமந்தே ஆக வேண்டும். பெண் பூவின் நடுவிலிருக்கும் சூல்முடி முழுக்க நிறைய மகரந்தம் விழுந்தால்தான் காய் ஒழுங்காகத் திரளும். கொஞ்சமாக விழுந்தால் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சூம்பிப் போகும். ஒன்றும் விழாவிட்டால் சில நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அத்தை சொன்ன அதே அறிகுறி.

அதனால் விடியலிலேயே பார்க்க வேண்டும் என்று ராத்திரி அங்கேயே தங்கினேன். ஐந்து மணிக்கெல்லாம் தோட்டத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அத்தையின் மாமியார், நாங்கள் எல்லோரும் பாட்டி என்று கூப்பிடுகிறவர், பூசணிக் கொடியில் குனிந்து பூப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மார்கழி மாதம். வாசலில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, அதில் பூசணிப் பூ செருக வேண்டும். தன் வாசலுக்கு மட்டுமா? பூசணி போடாத பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து ஆளுக்கு இரண்டு மூன்று வாங்கிப் போனார்கள். பாட்டி முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

பாட்டி விவரமானவர். பிஞ்சு உள்ள பூவில் கை வைக்கவே இல்லை. "காய்க்கிற பூவைப் பறிக்கலாமா? நீட்டுக் காம்புப் பூதான் எடுப்பேன்" என்றார். பிஞ்சைக் காப்பாற்ற வேண்டும் என்ற அந்தக் கவனத்தால்தான் கொடியில் ஆண் பூ ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏழு மணிக்கு வெயில் ஏறியதும் தேனீகள் வந்தன. பெண் பூவுக்குள் இறங்கித் தேன் குடித்தன, மேலே ஏறின, போயின. உடம்பில் ஒட்டிக்கொண்டு வர மகரந்தம்தான் எங்கும் இல்லை. இலைக்கு அடியில் மறைந்து பாட்டியின் டார்ச்சுக்குத் தப்பிய ஒரே ஒரு ஆண் பூவைப் பின்னால் கண்டேன். அதிலிருந்து வெளியே வந்த அடுக்குத் தேனீ தலை முதல் வால் வரை மஞ்சள் மாவில் புரண்டதுபோல இருந்தது. பூ விளிம்பில் நின்று முன்னங்கால்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அதனால் பறக்கவே முடிந்தது. அந்தக் கொடி முழுவதற்கும் அன்றைக்கு அந்த ஒரு பூதான்.

பாட்டியிடம் பூவே பறிக்காதீர்கள் என்று சொல்லும் எண்ணம் எனக்கு வரவில்லை. மார்கழிக் கோலத்தில் பூசணிப் பூ இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். வேறு வழி இருந்தது. பாதி ஆண் பூவைக் கொடியிலேயே விட்டுவிடுவது ஒன்று. மற்றது பாட்டியே செய்யக்கூடியது. பறித்த ஆண் பூவின் இதழை விலக்கி, நடுவிலிருக்கும் தண்டை அன்றைக்கு விரிந்த பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட்டு, அதன் பிறகு பூவைக் கோலத்துக்கு எடுத்துப் போகலாம். இதழை விலக்கத்தான் வேண்டும், பிய்க்கத் தேவையில்லை. செய்து காட்டியதும் பாட்டிக்குப் பிடித்துவிட்டது. "பிள்ளையாருக்கும் ஆச்சு, கொடிக்கும் ஆச்சு" என்றார். தடவிய பெண் பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தோம். நூல் கட்டியவற்றில் பெரும்பாலானவை நின்றன. மார்கழி முடிந்து பறிப்பு நின்றபோது, யாரும் தடவாமலே காய் பிடிக்க ஆரம்பித்தது. வேலையைத் தேனீகளே பார்த்துக்கொண்டன.

சுரை: சாயங்காலம் விரியும் பூ

சுரையில் யாரும் பூப் பறிக்கவில்லை. ஆண் பூவும் பெண் பூவும் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனாலும் பிஞ்சு வெம்பியது.

சுரைப் பூ வெள்ளை. பொழுது சாயும்போது விரிந்து, ராத்திரி முழுக்கத் திறந்திருந்து, மறுநாள் காலையில் வாடும். இருட்டில் வெள்ளைப் பூவைத் தேடி வருவது அந்துப்பூச்சி. நீளமான உறிஞ்சுகுழலை நீட்டி, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் பெரிய அந்துகளும் அவற்றில் உண்டு. விடிந்ததும் வாடுவதற்குள் தேனீ ஒன்றிரண்டு வந்து தொடுவதுண்டு. ஆனால் பெருவேலை ராத்திரியில்தான் நடக்கிறது.

சாயங்காலம் பந்தலடியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு மாமா கைத்தெளிப்பானோடு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய காதி சோப்பு. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்காக ஒன்றுவிட்ட நாள் பந்தல் முழுக்க அடித்துவந்திருக்கிறார். "தேனீ போனதுக்கப்புறம் சாயங்காலமா அடிக்கணும்னு சொன்னாங்க மாப்ளே, அதான் பொழுது சாயட்டும்னு இருப்பேன்" என்றார். தேனீ மேல் அக்கறையோடுதான் செய்திருக்கிறார். பூசணிக்கு அந்த யோசனை சரி, அதன் பூ அப்போது மூடியிருக்கும். ஆனால் சுரைப் பூ விரிவதே அந்த நேரத்தில்தான். அவர் அடித்துவிட்டுப் போனபின் அருகே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் விரிந்த இதழ்களில் எண்ணெய்த் துளிகள் நின்றன, ஆண் பூவின் மகரந்தம் ஈரத்தில் கட்டியாகிப் போயிருந்தது. வேப்பெண்ணெய் இயற்கை மருந்துதான். அதற்காகப் பூவின் மேல் அடிக்கலாம் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாம்பு பயத்தில் அத்தை மகன் பந்தல் காலில் பெரிய எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தான். ராத்திரி முழுக்க எரியும். அந்துப்பூச்சிகள் பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன, கீழே பல்லிகளுக்கு விருந்து. சுவிட்சர்லாந்தில் நடந்து 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், விளக்கு வைத்த புல்வெளிகளில் இரவில் பூவுக்கு வரும் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்திருந்தது. பந்தலடியில் நின்று பார்த்தபோது அந்த எண்ணிக்கை எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

குறை செடியிலா, வருகையிலா என்று உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று இருக்கிறது. அன்று மருந்து படாத ஒரு பெண் பூவை இருட்டியதும் ஆண் பூவால் தடவி, காகிதப் பை போட்டு மூடினேன். இன்னொரு பெண் மொட்டை விரியும் முன்பே, ஒன்றும் செய்யாமல் பையால் மூடினேன். தடவியது காயானது, தடவாமல் மூடியது வெம்பியது. செடியில் சத்துக்குக் குறைவில்லை என்பது அதிலேயே முடிந்தது. டானிக் செலவு தேவையே இல்லை.

மருந்தை எப்படி நிறுத்துவது என்று மாமா யோசித்தார், அசுவினி பற்றிய கவலை அவருக்கு. இலையைத் திருப்பிக் காட்டினேன். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே காலில்லாத பச்சைப் புழு ஒன்று, அட்டைபோல உடம்பை நீட்டி ஒரு அசுவினியைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. மிதவை ஈயின் புழு அது. பூவின் முன்னால் அசையாமல் மிதந்து நிற்கும், தேனீபோல மஞ்சள் பட்டை போட்ட ஈயைப் பார்த்திருப்பீர்களே, அதன் பிள்ளை. பக்கத்து இலையில் பொறிவண்டின் புழு, முதலையைச் சின்னதாக்கிய உருவத்தில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஊர்ந்தது. அதையும் மாமா கெட்ட புழு என்று நினைத்து நசுக்கியிருக்கிறார். மருந்தை விட்டுவிட்டு, கூட்டமாக இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னேன். விளக்கை, ஆள் போகும்போது மட்டும் போட்டுக்கொள்கிற மாதிரி கொட்டகைச் சுவருக்கு மாற்றினோம். தை கடைசியில் பந்தலில் சுரைக்காய் தொங்கியது. மருந்தை நிறுத்தியதும் விளக்கை மாற்றியதும் ஒரே வாரத்தில் நடந்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மருந்துதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அதே பந்தலில் பீர்க்கு

பீர்க்கிலும் பிஞ்சு விழுந்ததால் அத்தை மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்திருந்தார். விழுந்த பீர்க்கம்பிஞ்சை எடுத்துப் பார்த்தால் வேறு கதை. விரல் நீளத்துக்கு வளர்ந்தபின் விழுந்திருந்தது. அதாவது மகரந்தம் சேர்ந்துதான் இருக்கிறது. தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதில் பிசின் முத்து, அந்த இடத்தில் காய் வளைந்திருந்தது. கீறினால் உள்ளே வெள்ளைப் புழு. பழ ஈயின் வேலை.

பந்தலில் ஏற்கெனவே ஒரு பொறி தொங்கியது, மாந்தோப்பிலிருந்து கொண்டுவந்து கட்டியது. மாவின் பழ ஈயை இழுப்பது மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள். பீர்க்கு, பாகல், சுரையைக் குத்தும் ஈ வேறு இனம், அதற்குக் கியூ லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். பொறி பார்க்க ஒரே டப்பாதான், உள்ளே இருக்கும் வில்லை வேறு. கடையில் பயிர் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். விழுந்த பிஞ்சுகளை அத்தை எருக்குழியில் போட்டுவந்தார். புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும் என்பதால், அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு ஆழமாகப் புதைக்கச் சொன்னேன். நின்ற பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துப் போட்டார் அத்தை. பாதிப்பு குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

கத்தரியில் குறையே இல்லை

இவ்வளவுக்கும் நடுவில் கத்தரி மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. இதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிப் பூவின் மகரந்தப்பை முழுசாகப் பிளக்காது. நுனியில் இரண்டு துளைதான் இருக்கும், மகரந்தம் உள்ளே அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்து வேகமாக அதிரச் செய்தால்தான் அது கொட்டும். தானாகவும் ஓரளவு காய்க்கும் என்றாலும், அதிர்வு கிடைத்தால் காய்ப்பு கூடும். அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை வராது. பெட்டி வைத்தாலும் கத்தரிக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இந்தத் தோட்டத்தில் அதைச் செய்தவை இரண்டு. ஒன்று, கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ. உடம்பு கறுப்பு, வெயிலில் இறக்கை நீலமாக மின்னும். மற்றது, வயிற்றில் நீலப் பட்டைகள் போட்ட ஒரு தேனீ. அது ஊதாப் பூவில் தொங்கிக்கொண்டு, மகரந்தப்பைகளைச் சுற்றி உடம்பை வளைத்து, இறக்கையை அசைக்காமலே உடம்பை மட்டும் அதிர வைத்தது. பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிட ஒரு சுருதி மேலே "ஸ்ஸ்ங்" என்று சத்தம் கேட்டது. உடனே அதன் வயிற்றில் வெளிர்மஞ்சள் தூள் கொட்டியது. இருட்டும் நேரத்தில் அதே இனத்தின் ஆண்கள் சில, வேலியில் காய்ந்த ஒரு புல் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வரிசையாகத் தூங்கின. கூடு இல்லாத ஆண்களுக்கு ராத்திரி இருப்பிடம் அதுதான். அந்த வேலியோரத்தை வெட்டிச் சுத்தம் செய்வதாக இருந்தார்கள். அப்படியே விடச் சொன்னேன்.

தச்சுத் தேனீயின் வீடு மாட்டுக்கொட்டகையின் காய்ந்த உத்தரம். கச்சிதமான வட்டத் துளைகள், கீழே மரத்தூள். மாமா அவற்றைச் சிமெண்ட் வைத்து அடைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார், உத்தரம் விழுந்துவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். வேலியோரம் காய்ந்த முருங்கைத் தடியும் தடித்த மூங்கில் துண்டுகளும் நனையாத இடத்தில் கட்டிவிட்டோம், புதிதாகத் துளை போட அவை வசதி. துளையில்லாத மரத்துக்கு மாமா பெயின்ட் அடித்துவிட்டார். ஏற்கெனவே உள்ள துளைகளை அப்படியே விட்டிருக்கிறார். முருங்கைப் பூவுக்கும் இந்தக் கருவண்டுதான் முக்கியமான விருந்தாளி என்பதைச் சொன்னபிறகு அத்தையும் அதன் கட்சிக்கு வந்துவிட்டார்.

பெட்டி விஷயம்

அத்தை மகனிடம் இப்போதைக்குப் பெட்டி வேண்டாம் என்று சொன்னேன். பூசணிக்கு வேண்டிய தேனீ தோட்டத்திலேயே இருந்தது. சுரைக்கு வேண்டியது அந்து, கத்தரிக்கு அதிரத் தெரிந்த தேனீ, பீர்க்குக்கு ஈப்பொறி. அதோடு, சுற்றிலும் மாந்தோப்பில் மருந்து நடக்கும் தையில் ஒரு கூட்டத்தைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பது அந்த உயிர்களுக்குச் செய்யும் அநியாயம். அடுக்குத் தேனீ ஏற்கெனவே ஒரு பெரிய அடி வாங்கிய இனம். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் அதன் வளர்ப்புக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது, தேனீ வளர்த்த குடும்பங்கள் பல தொழிலையே விட்டன. வளர்க்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

அவனுக்குத் தேன் எடுக்கும் ஆசை இன்னும் இருக்கிறது, அது நல்ல ஆசைதான். அதற்கு முதலில் பேச வேண்டியது தோப்புக்காரர்களிடம் என்று சேர்ந்து போய்ப் பேசினோம். பக்கத்துத் தோப்புக்காரர் பொறுமையாகக் கேட்டார். பூ விரிந்தபின் அடிக்காமல் இருக்கப் பார்ப்பதாகவும், அடிக்க வேண்டி வந்தால் முந்தின நாளே போன் செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு நின்றால், மா ஓய்ந்து புளி பூக்கும் வைகாசியில் பெட்டியைக் கொண்டுவந்து துளசி மாடத்துக்குப் பின்னால் வைக்கலாம் என்று இருக்கிறார்கள்.